கழித்துக்கொள்ள வேண்டிய நிமிஷங்கள்

ஆகஸ்ட் 13, புதன்

இன்று வேலைக்குத் திரும்பினேன். வாசல் செக்யூரிட்டியிலிருந்து லிஃப்ட்காரர் வரை எல்லோரும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு "சாப்ட்டீங்களா?" என்று கேட்டார்கள். துக்கம் விசாரிக்கத் தெரியாதவர்கள் சாப்பாட்டைத்தான் விசாரிக்கிறார்கள். பதினோரு பேருக்கு "சாப்ட்டேன்" என்று சொல்லிவிட்டு சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சாப்பிட்டிருக்கவில்லை.

இந்த டைரி மருந்துக் கம்பெனி ரெப் கொடுத்தது. அப்பாவுக்காக வாங்கி வந்தேன். முதல் ஆறு பக்கங்களில் மாத்திரை போட்ட நேரத்தை எழுதியிருக்கிறார். 8.04. 1.31. 8.02. எட்டு மணி என்று முழுசாக எழுத அவருக்கு மனசு வராது. முப்பத்தோரு வருஷம் ஈரோடு பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பராக இருந்தவர். ஒரு பஸ் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றால் பின்னால் வரும் பஸ்காரன் சண்டைக்கு வருவான். இரண்டு பேருக்கும் நடுவில் விசிலோடு நிற்பவர் அப்பா.

என் வேலையும் கிட்டத்தட்ட அதுதான், விசில் மட்டும் இல்லை. இந்த ஆஸ்பத்திரியில் தொண்ணூற்று நாலு கணினிகள். தன்போக்கில் விட்டால் ஒவ்வொன்றின் கடிகாரமும் நாளுக்கு ஒரு நொடி, இரண்டு நொடி என்று ஓடும் அல்லது பின்தங்கும். அதனால் கீழே இருக்கும் சர்வர், இணையத்திலிருந்து சரியான நேரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். மற்றவை எல்லாம் அதனிடம் கேட்டுத் தங்களைத் திருத்திக்கொள்ளும். ஒழுங்காக நடக்கும் வரை இப்படி ஒரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி, ஆடிப்பெருக்கு ஞாயிறு, ஒழுங்காக நடக்கவில்லை. காலை 9.20க்கு யு.பி.எஸ். மக்கர் செய்து சர்வர் அணைந்தது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போயிருந்ததால் திரும்ப எழுந்தபோது தேதி 2011 என்றது; திருத்திக்கொள்ள இணையமும் உடனே வரவில்லை. அது சொன்னதை நம்பி மற்ற கணினிகளும் 2011க்குப் போய்விட்டன. லேப் ரிப்போர்ட் பிரிண்ட் ஆகவில்லை. மருந்துக் கடையில் எந்த மருந்தையும் எடுக்கவிடாமல் மென்பொருள் மறித்தது, அந்த மருந்தெல்லாம் இன்னும் தயாரிக்கப்படவே இல்லை என்று. வரிசை வாசல் வரை நின்றது. நான் ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்தேன்.

அப்பா இரண்டாம் மாடி ஐ.சி.யூ.வில் ஒன்பதாம் நாளாக இருந்தார். சகாயமேரி சிஸ்டர் இன்டர்காமில் கூப்பிட்டதும் வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் போனபோது 11.34. அவர் போயிருந்தார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சர்வருக்குப் புது பேட்டரி போட்டேன். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

பதினாறாம் நாள் காரியம் பவானி கூடுதுறையில் முடிந்தது. அண்ணன் நல்லசிவம் திருப்பூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். மொட்டைத் தலையில் அவர் அப்பா மாதிரியே இருந்தார். பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

எல்லோரும் இலையில் உட்கார்ந்த பிறகு என்னைத் தனியாகக் காருக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். கையில் ஆஸ்பத்திரி ஃபைலின் நகல்.

"கலா, இதப் பாரு. மானிட்டர்ல அப்பாவுக்கு உசுரு நின்னது பதினொன்னு இருவத்திநாலு. மகளுக்குத் தகவல் சொல்லப்பட்டதுன்னு அந்த நர்ஸ் பதிஞ்சது பதினொன்னு முப்பத்தியொண்ணு. போயி ஏழு நிமிஷம் கழிச்சுத்தான் உன்னையவே கூப்ட்டிருக்கறா."

"விடுங்கண்ணா."

"எப்படி விடறது? அதே கட்டடத்துல இருந்த நீ. சொல்லியிருந்தா மூணு நிமிஷத்துல போயிருப்ப. ஒரு வாய்ப் பால் ஊத்தியிருப்ப. பெத்த புள்ளைக ரெண்டு பேர் இருந்தும் ஆரும் இல்லாத மனுசனாட்டம் போயிட்டாரு."

கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்துவிட்டது. அந்த ஞாயிறு காலை அண்ணன் இதே படித்துறையில்தான் குழந்தைகளோடு ஆடிப்பெருக்குக் குளித்துக்கொண்டிருந்தார். மதியம் அப்பாவைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. போன் காருக்குள் கிடந்தது. நான் அதைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

அண்ணன் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டார். நிர்வாக அதிகாரி மாணிக்கவாசகம் சார் பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். போனால் சகாயமேரி நின்றுகொண்டிருந்தாள். ஐ.சி.யூ. பொறுப்பு சிஸ்டர் குணவதியம்மா நாற்காலியில்.

சகாயமேரிக்கு இருபத்தாறு வயது. சத்தியமங்கலத்துப் பக்கம். அப்பா அவளைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். மற்ற நர்ஸுகளை 'மேடம்' என்பார், பயத்தில்.

"நான் முன்னாடியே சொல்லிட்டனுங்க சார்" என்றாள்.

"பதிவுல அப்படி இல்லியேம்மா."

"எங்க வார்டுல கடிகாரம் முன்னாடி ஓடுமுங்க சார்."

குணவதியம்மா உடனே, "செவுத்துக் கடிகாரத்தச் சொல்றா சார். கம்ப்யூட்டர் வேற" என்றார்.

சார் என் பக்கம் திரும்பினார். துக்க வீட்டுக்காரி என்பதால் குரலைத் தணித்துக்கொண்டார். "கலாமணி மேடம், உங்களைச் சங்கடப்படுத்தறதுக்கு இல்லீங்க. நம்ம கம்ப்யூட்டர்ல நேரமெல்லாம் சரியாத்தான இருந்துச்சு?"

"அன்னிக்குக் காலைலயே எல்லாத்தையும் சரி பண்ணிட்டனுங்க சார்" என்றேன்.

அது உண்மைதான். காலையில் எல்லாவற்றையும் சரிசெய்தேன்.

சகாயமேரி என்னைப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

முப்பதாம் தேதி விசாரணை. அதுவரை சகாயமேரியை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கிற மாதிரி இருக்கிறதாம். அதற்கு இங்கிருந்து நாலு வருஷ அனுபவச் சான்று வேண்டும். இந்தப் புகார் நின்றால் சான்றில் ஒரு வரி ஏறும். அந்த ஒரு வரி போதும்.

மூன்றாம் மாடி பிரிண்டரில் காகிதம் சிக்கியது. எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தொண்ணூற்று நாலு என்று எழுதினேன். சர்வரிடம் நேரம் கேட்பவை தொண்ணூற்று மூன்றுதான்.

போன சித்திரையில் குணவதியம்மா கீழே வந்தார். காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட் மாற வேண்டும். அடுத்த ஷிஃப்ட் நர்ஸுகள் ஹாஸ்டலிலிருந்து தலை பின்னி, பூ வைத்து வந்துசேர ஏழே கால் ஆகிவிடுகிறது. விடிய விடிய நின்ற பெண்கள் கால் கடுக்கக் காத்திருக்கிறார்கள். "செவுத்துக் கடிகாரத்தக் காமணி நேரம் தள்ளி வெச்சுட்டேன் கலா. அதுக கம்ப்யூட்டரப் பாத்துட்டு 'இன்னும் நேரமிருக்குது'ங்குதுக. அதையும் தள்ளி வெச்சுக் குடுத்தீன்னா உனக்குப் புண்ணியமாப் போகும்."

எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால் ஓடுகிறது. இந்த ஊரில் எந்த வீட்டில் சரியான நேரம் இருக்கிறது? எல்லோரும் முன்னால் தள்ளி வைத்துவிட்டு, பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் கழித்துக்கொள்கிறோம். ஐ.சி.யூ. மேசைக் கணினியைக் கூட்டத்திலிருந்து பிரித்து, பதினைந்து நிமிஷம் முன்னால் வைத்துக் கொடுத்தேன். அந்தப் பழைய மென்பொருள் எந்தக் கணினியில் பதிகிறோமோ அதன் நேரத்தைத்தான் பதிவில் போடும் என்பது எனக்குத் தெரியும். வார்டில் எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம்தானே என்று விட்டுவிட்டேன். மனுஷர்கள் கழித்துக்கொள்வார்கள். காகிதம் கழித்துக்கொள்ளாது.

இன்று கேன்டீனில் குணவதியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எனக்கு ரிட்டையராக மூணு மாசம்தான் இருக்குது கலா. அந்தக் கடிகார சங்கதி நமக்குள்ளயே இருக்கட்டும். சின்னப் புள்ள, அவளுக்கு இன்னொரு வேலை கிடைச்சிரும்."

நான் தலையாட்டினேன். ஆமாம் என்கிற மாதிரி இல்லை. இல்லை என்கிற மாதிரியும் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அப்பாவின் வேட்டிகளைத் துவைத்துப் போட்டேன். யாருக்கு என்று தெரியவில்லை. அரிசி போடும்போது கை பழைய அளவுக்கே போகிறது. மீந்ததை மதியம் எதிர்வீட்டு நாய்க்கு வைத்தேன்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேலை எதுவும் இல்லை. ஐ.சி.யூ.வில் கணினியின் நேரத்தை என் போனில் இருந்த நேரத்தோடு ஒப்பிட்டேன். பதினைந்து நிமிஷம் முன்னால். அப்பா படுத்திருந்த நாலாம் நம்பர் கட்டிலில் வேறு ஒருவர் இருந்தார். அவர் தலைமாட்டு மானிட்டர் எந்த வலையிலும் சேராதது. கம்பெனிக்காரன் வைத்துவிட்டுப் போன நேரத்தில் தனியாக ஓடுகிறது. அது ஆறு நிமிஷம் பின்னால்.

எதற்கு இதைப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

தெரியும்.

கணக்கு ஒன்றும் பெரிசில்லை. சகாயமேரி எனக்குத் தகவல் சொன்னதாகப் பதிந்த 11.31 உண்மையில் 11.16. அப்பாவின் இதயம் நின்ற 11.24 உண்மையில் 11.30. அவள் தாமதமாகச் சொல்லவில்லை. பதினாலு நிமிஷம் முன்னாலேயே சொல்லியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்டர்காம் பெட்டியும் என் பொறுப்புதான். யார் யாரை எப்போது கூப்பிட்டார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று அது எழுதி வைக்கும். அதற்கும் தனிக் கடிகாரம். என் மேசையிலிருந்தே ஒரு அழைப்பு போட்டுப் பார்த்ததில் இரண்டு நிமிஷம் முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்துவிட்டால், மூன்றாம் தேதி ஐ.சி.யூ.விலிருந்து சர்வர் அறைக்கு:

11.16. இருபத்தொரு நொடி.
11.21. ஒன்பது நொடி.
11.27. மணி அடித்தது. எடுக்கவில்லை.

மூன்று அழைப்பு. எனக்கு ஒன்றுதான் ஞாபகம் இருந்தது. அன்றைக்கு இருந்த நெரிசலில் மற்றதெல்லாம் மனசில் நிற்கவில்லை. தொண்ணூற்று மூன்று கணினி, ஒற்றை ஆள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி, விடுமுறை. துக்க வீடு என்பதால் கொழுக்கட்டை இல்லை. எதிர்வீட்டு அக்கா ஒரு தூக்குச்சட்டியில் நாலு கொடுத்துவிட்டுப் போனார். நாலையும் நானே தின்றேன்.

இதை எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாமல் மூன்று நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

சர்வரும் பதிவு எழுதும். எந்தக் கணினி எத்தனை மணிக்குத் திருந்தியது என்று வரிசையாக இருக்கும். கடைசிக் கணினி, மருந்துக் கடையின் இரண்டாவது கவுன்ட்டர், திருந்தியது 11.09க்கு. அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. வரிசை நகர ஆரம்பித்துவிட்டது. நான் கேன்டீனிலிருந்து ஒரு டீ வரவழைத்து, சர்வர் அறையின் குளிரில், கால்களை எதிர் நாற்காலியில் நீட்டி உட்கார்ந்தேன்.

11.16க்கு சகாயமேரி, "மேடம், அப்பாவுக்கு பிரஷர் இறங்குது, உங்களைப் பாக்கணுங்கறாரு, வர்றீங்களா?" என்றாள். அவள் குரலில் அவசரம் இருந்தது. இருந்தது. ஆனால் அந்த ஒன்பது நாளில் எத்தனை தடவை அப்படிக் கூப்பிட்டிருப்பார்கள்! ஒவ்வொரு தடவையும் விழுந்தடித்து ஓடினால் அப்பா மாஸ்க்கை நகர்த்தி, "மணி என்ன?" என்பார். அல்லது, "வேலையா இருந்தியா?" என்பார். அவ்வளவுதான். வீட்டில் நாலு மாசம் அவரைத் தூக்கி, துடைத்து, ராத்திரி பகல் தெரியாமல் இருந்திருக்கிறேன். அந்த டீ சூடாக இருந்தது. யாரும் என்னைக் கூப்பிடாத பத்து நிமிஷம் வேண்டும் என்றிருந்தது. "ரெண்டு நிமிஷத்துல வர்றேன் சிஸ்டர்" என்றேன்.

11.21க்கு, "இதோ வந்துட்டே இருக்கேன்" என்றேன். எழுந்திருக்கவில்லை.

11.27க்கு மணி அடித்தது. சத்தம் கேட்டது. டம்ளரை வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்தான் எங்கேயும் போகப்போவதில்லையே என்று நினைத்தேன். இதே வார்த்தையில்தான் நினைத்தேன்.

வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன் என்று இந்த டைரியின் முதல் நாளிலேயே பொய் எழுதியிருக்கிறேன். யார் படிக்கப்போகிறார்கள் என்று எழுதினேனோ.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஹாஸ்டலுக்குப் போய் சகாயமேரியைப் பார்த்தேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"மூணு தடவை கூப்ட்டேன்னு ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீங்க எடுக்கலங்கறதும் வருமுங்களே மேடம்."

"வரட்டுமே. உன் வேலை போகுது."

அவள் ஒரு துணியைப் பிழிந்து முடித்தாள். "அன்னிக்கு நீங்க வந்து கட்டிலுக்குப் பக்கத்துல நின்னீங்க. அழுகவே இல்ல. அப்பா காலைத் தொட்டுப் பாத்துட்டு, 'இன்னும் சூடா இருக்குது'ன்னீங்க. அதுக்கு மேல உங்ககிட்ட நான் என்னங்க சொல்றது. பெத்தவர இப்படி விட்டுட்டோம்னு ஊரறியத் தெரிஞ்சா ஒரு பொம்பள எப்படிங்க இருப்பா."

"நீ எப்படி இருப்ப?"

"எனக்கென்னங்க. நான் சொன்னேன்னு எனக்குத் தெரியுமில்ல."

எனக்குத் திட்ட வேண்டும் போலிருந்தது. அவளையா என்னையா என்று தெரியவில்லை. சனிக்கிழமை விசாரணைக்குக் கண்டிப்பாக வா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஒற்றைப் பக்கம்தான். மூன்று கடிகாரம், ஒவ்வொன்றும் எவ்வளவு முன்னால், எவ்வளவு பின்னால், கழித்தால் வரும் உண்மையான நேரம். பிரிண்ட் எடுத்தேன். ஐ.சி.யூ. கணினியைப் பிரித்து வைத்தது நான் என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குணவதியம்மாவின் பெயரை எழுதவில்லை. அவர் கேட்டார், செய்தது நான்.

அண்ணனுக்கு முதலில் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். அண்ணி எடுத்து, "அவரு சாப்பாடு சரியாவே எடுத்துக்கறதில்ல கலா" என்றார். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

விசாரணை இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

சார் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப மூணு தடவை கூப்ட்டிருக்குது. மொத தடவைக்கும் உசுரு போனதுக்கும் பதினாலு நிமிஷம்."

"ஆமாங்க சார்."

அண்ணன் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். நிமிரவே இல்லை.

சார் நல்ல மனுஷன். எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். "அன்னிக்கு சர்வரே விழுந்து கிடந்துது, மருந்துக் கடைல ஏகப்பட்ட கூட்டம். மேடம் அந்த வேலைல மாட்டியிருப்பாங்க. யார் மேலயும் தப்பில்லைன்னு எழுதி முடிச்சுக்கலாம், இல்லீங்களா?"

அப்படியே விட்டிருக்கலாம். சகாயமேரிக்கும் ஒன்றும் ஆகாது, எனக்கும் ஒன்றும் ஆகாது. அண்ணனும் நம்பியிருப்பார். நம்ப ஆசைப்பட்டார், அது முகத்தில் தெரிந்தது. ஆனால் இருபதாம் தேதி இதே அறையில் பாதி உண்மை ஒன்றைச் சொல்லிவிட்டுப் பத்து நாளாக அதோடு படுத்து எழுந்திருக்கிறேன். இன்னொன்றுக்கு என் உடம்பில் தெம்பில்லை.

"இல்லீங்க சார். வேலை பதினொன்னு ஒம்பதுக்கே முடிஞ்சுது. நான் டீ குடிச்சிட்டிருந்தேன். போன் வந்தது தெரியும். போகல."

குணவதியம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே, "கடிகாரத்தத் தள்ளி வெக்கச் சொன்னது நாந்தானுங்க சார்" என்றார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

அண்ணன் எழுந்தார். சகாயமேரிக்கு முன்னால் போய் நின்று கைகூப்பினார். "மன்னிச்சுக்கம்மா. தெரியாமப் பண்ணிட்டேன். புகார வாபஸ் வாங்கிக்கறேன்." அவள் பதறிப்போய் எழுந்து நின்றாள். அண்ணன் வெளியே போய்விட்டார். என்னைத் தாண்டித்தான் போனார். நான் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

ஐ.சி.யூ. கணினியைச் சர்வரோடு சேர்த்தேன். மானிட்டர்களையும் இன்டர்காமையும் மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பதிய ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். சுவர்க் கடிகாரத்தை ஸ்டூல் போட்டு ஏறி நானே பின்னால் தள்ளினேன். எனக்கும் குணவதியம்மாவுக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சகாயமேரி மீது ஒன்றுமில்லை. சான்று தருவார்கள்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 3, புதன்

எடுக்கவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

பகல் ஷிஃப்ட்டுக்குப் பெண்கள் இன்று ஏழே காலுக்கு வந்தார்களாம். குணவதியம்மா வராந்தாவில் நின்று திட்டியது கீழே வரை கேட்டது.

செப்டம்பர் 6, சனி

சகாயமேரி சான்றை வாங்கிக்கொண்டு சர்வர் அறைக்கு வந்தாள். இந்த மாசக் கடைசியில் கிளம்புகிறாளாம். டீ சொல்லட்டுமா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். இனி இந்த அறையில் எனக்கு டீ இறங்காது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டனுங்க மேடம்" என்றாள். "சொல்லாமப் போனா எனக்கு உறுத்திட்டே இருக்கும்."

"சொல்லு."

"மொத தடவ ரெண்டு நிமிஷத்துல வர்றேன்னீங்க. அதையே அவருகிட்டச் சொன்னேன். அடுத்த தடவ, வந்துட்டே இருக்காங்கன்னு சொன்னேன். மூணாவது நீங்க எடுக்கவே இல்ல. அப்பவும், படியேறிட்டாங்க ஐயான்னு பொய் சொல்லிட்டேன். வேற என்னங்க சொல்றது? அவரு மாஸ்க்க இந்தப் பக்கம் தள்ளிட்டு செவுத்துக் கடிகாரத்தப் பாத்தாரு. எனக்கு முகத்த எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. அவருதான் என்னையச் சமாதானம் பண்ணினாரு. 'அது காமணி நேரம் ஃபாஸ்ட்டு கண்ணு. அவ வர்றதுக்கு இன்னும் நேரமாகலே'ன்னாரு."

சகாயமேரி என் முதுகில் கை வைத்தாள். ஆகஸ்ட் மூன்றாம் தேதியிலிருந்து வராத அழுகை எல்லாம் அப்போதுதான் வந்தது. வெட்கமில்லாமல், சத்தம் போட்டு அழுதேன். முப்பத்தோரு வருஷத்தில் யாருக்கும் ஒரு நிமிஷம் விட்டுக்கொடுக்காத மனுஷன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலை பத்தரைக்கு அண்ணன் போன் செய்தார். பின்னால் அண்ணி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"நான் தண்ணீல நின்னுட்டு இருந்தேன், கலா" என்றார். "அப்பறமாப் பாத்தா கார்ல கிடந்த போன்ல நீ கூப்ட்டது அஞ்சு இருந்துச்சு. முன்னாடியே கெளம்பியிருக்கலாம், பசங்க இன்னும் ஒரு முழுக்குன்னாங்க. சரின்னுட்டேன். உன்னையப் பேச எனக்கு என்ன இருக்குது."

சகாயமேரி சொன்னதைச் சொன்னேன். அவள் சொன்ன வார்த்தை மாறாமல் சொன்னேன். அண்ணன், "அப்படியா சொன்னாரு" என்று இரண்டு தடவை கேட்டார். அப்படித்தான் சொன்னார் என்றேன்.

பிறகு, சின்னப் பையன் மாதிரி ஒரு குரலில் கேட்டார். "என்னையக் கேட்டாரா?"

சகாயமேரி அப்படி எதுவும் சொல்லவில்லை.

"கேட்டாருங்கண்ணா" என்றேன். "அண்ணன் வந்துட்டு இருக்கறாருன்னு சிஸ்டர் சொன்னாங்களாம். சரின்னாராம்."

அண்ணன் அழ ஆரம்பித்தார். அவர் முடிக்கும் வரை நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தேன்.